லென்ஸ் டப்பாவைத் தண்ணீரில் கழுவலாமா?

கேள்வி: மாதம் ஒருமுறை மாற்றும் காண்டாக்ட் லென்ஸ் அணிகிறேன். இரவில் டப்பாவில் எஞ்சியுள்ள சொல்யூஷனோடு (லென்ஸைச் சுத்தம் செய்து ஊறவைக்கும் திரவம்) புதியதைச் சிறிது சேர்த்து லென்ஸைப் போட்டு வைப்பேன். வாரம் ஒருமுறை டப்பாவைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவேன். டப்பா பளிச்சென்றுதான் இருக்கிறது. இந்தச் சுத்தம் போதாதா?

பதில்: போதாது. நீங்கள் குறிப்பிட்டுள்ள இரண்டு பழக்கங்களுமே தொற்றுக்கு வழிவகுப்பவை. சொல்யூஷனில் உள்ள கிருமிநாசினி, லென்ஸில் படிந்த புரதத்தோடும் கிருமிகளோடும் ஓரிரவு வினைபுரிவதிலேயே வலுவிழந்துவிடுகிறது. அந்த மிச்சத்தின் மேல் புதியதை ஊற்றினால் புதியதன் வீரியமும் குறையுமே தவிர, பழையது சுத்தமாகிவிடாது. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டு அகந்தமீபா என்னும் ஒருசெல் உயிரியால் கருவிழித் தொற்று பரவியபோது, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்திய ஆய்வில், சந்தையிலிருந்து பின்னர் திரும்பப் பெறப்பட்ட ஒரு சொல்யூஷனோடு, இப்படிப் பழையதன்மேல் புதியதை ஊற்றும் பழக்கமும் நோயோடு தொடர்புடையதாகத் தெரியவந்தது.

டப்பாவின் பளபளப்பை நம்ப வேண்டாம். பாக்டீரியாக்கள் அதன் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தாங்களே சுரக்கும் பசை போன்ற பொருளால் தங்களைச் சுற்றி ஒரு படலத்தை அமைத்துக்கொள்கின்றன. அதற்குள் இருக்கும் கிருமிகளைச் சொல்யூஷன் எளிதில் எட்டுவதில்லை என்பதால், வெறுமனே அலசினால் பயனில்லை, விரலால் அழுத்தித் தேய்த்தால்தான் படலம் பெயரும். ஈரத்தில் செழிக்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசா போன்ற பாக்டீரியா, கருவிழியில் நுண்ணிய கீறல் ஒன்று இருந்தாலும் உள்ளே நுழைந்து, மிகக் குறுகிய காலத்தில் புண்ணாக்கிவிடக்கூடியது.

குழாய்த் தண்ணீர் குடிப்பதற்கு ஏற்றதாக இருக்கலாம், லென்ஸுக்கு ஏற்றதன்று. மேற்சொன்ன அகந்தமீபா மண்ணிலும் நீரிலும் வாழ்வது. தன்னைச் சுற்றித் தடித்த உறை அமைத்துக்கொண்டு குளோரினையும் தாங்கி நிற்பது. அதற்கு உணவே பாக்டீரியாதான். ஆகவே, படலம் படிந்த டப்பாவில் தண்ணீரையும் ஊற்றுகிறவர் அந்த உயிரிக்கு இருப்பிடத்தோடு உணவையும் சேர்த்தே கொடுக்கிறார். அதனால் வரும் தொற்றுக்கு மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும்.

காலையில் கையைச் சோப்பால் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு லென்ஸை அணிந்தவுடன், டப்பாவில் உள்ள சொல்யூஷனை முழுவதும் கொட்டிவிடுங்கள். புதிய சொல்யூஷனை விட்டு, கிண்ணங்களின் அடியையும் பலரும் மறந்துவிடும் மூடியின் திருகு வரிகளையும் விரலால் தேய்த்து அலசி, சுத்தமான டிஷ்யூ தாளால் துடைத்த பிறகு, டப்பாவையும் மூடிகளையும் தனித்தனியே இன்னொரு தாளின்மேல் கவிழ்த்து உலரவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைப்பதும் குளியலறையில் வைப்பதும் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது டப்பாவை மாற்றிவிட வேண்டும். விரிசல் கண்டால் அதற்கு முன்பே மாற்றுங்கள். பாட்டிலோடு வரும் புதிய டப்பாவை அலமாரியில் போட்டுவிட்டுப் பழையதையே ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது என்ன சிக்கனமோ, தெரியவில்லை.

கேள்வி: ஹைட்ரஜன் பெராக்சைடு சொல்யூஷனுக்குச் சாதாரண டப்பாவைப் பயன்படுத்தலாமா? சலைன் மட்டும் ஊற்றி வைத்தால் என்ன?

பதில்: இரண்டும் கூடாது. பெராக்சைடைக் கண்ணுக்குத் தீங்கற்ற நீராகவும் ஆக்சிஜனாகவும் மாற்றுவது, அதற்கென்றே வரும் டப்பாவில் உள்ள பிளாட்டினம் பூசிய வட்டு. அதற்குப் பொதுவாக ஆறு மணி நேரமாவது ஆகும். சாதாரண டப்பாவில் இந்த மாற்றம் நடக்காது என்பதால், லென்ஸை அணிந்ததும் கண் கடுமையாக எரியும். புதிய பாட்டிலைத் திறக்கும்போது அதனுடன் வரும் டப்பாவையே பயன்படுத்த வேண்டும். சலைன் வெறும் உப்புக் கரைசல். லென்ஸை அலச உதவும், கிருமியைக் கொல்லாது.

கேள்வி: லென்ஸ் அணிந்த கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்த்தால் கூசுகிறது. சொட்டு மருந்து போட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். லென்ஸை உடனே கழற்றிவிட்டு, அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். வலியோ பார்வை மங்கலோ சேர்ந்தால் சில மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நீங்களாகப் போடும் ஆன்டிபயாடிக் சொட்டு, எந்தக் கிருமி என்று கண்டறிவதைக் கடினமாக்கிவிடலாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு தொற்றையே தீவிரமாக்கலாம். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல், எறியாமல், அப்படியே கொண்டுபோங்கள். தேவைப்பட்டால் மருத்துவர் அவற்றிலிருந்தும் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்.