பேட்டி தராதவரெல்லாம் துறவியா?

கேள்வி: 'தி கேட்சர் இன் தி ரை' நாவலை எழுதிய ஜே. டி. சாலிஞ்சர், புகழின் உச்சியில் கதவைச் சாத்திக்கொண்டு, கடைசிவரை மனிதர் முகத்திலேயே விழிக்காமல் துறவிபோல வாழ்ந்தாராமே! வீட்டுக்குள் என்ன செய்தார், தினம் எத்தனை மணி நேரம் எழுதினார் என்று தோண்டித் துருவி ஒரு தொடர் போடுங்களேன். வாசகனுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா?

பதில்: ஆசை இருக்கலாம். உரிமை எங்கிருந்து வந்தது? கொடுத்த காசுக்குப் புத்தகம் கைக்கு வந்துவிட்டது. கூடவே வீட்டுச் சாவியையும் தரவேண்டுமா என்ன?

முதலில் அந்தத் 'துறவி'யைப் பார்ப்போம். நாவல் வந்தது 1951இல். 1953இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கார்னிஷ் என்ற சிற்றூருக்குக் குடிபோனார். போன புதிதில் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு நன்றாகவே பழகினார். அவர்களில் ஒரு மாணவி, உள்ளூர் நாளிதழின் பள்ளிப் பக்கத்துக்கு என்று சொல்லிப் பேட்டி கேட்டாள். சின்னப் பெண்தானே என்று கொடுத்தார். பத்திரிகைக்காரர்கள் அதைத் தூக்கித் தலையங்கப் பக்கத்தில் போட்டார்கள். அத்தோடு அந்தப் பிள்ளைகளின் சகவாசத்தையே விட்டுவிட்டார். கதவைச் சாத்த வைத்த கை எங்கள் தொழில்காரர்களுடையது.

ஊராருக்கு அவர் மர்ம மனிதரே அல்ல. கடைகண்ணிக்கு வருவார், போவார். பக்கத்து ஊர்த் தேவாலயத்தில் மாட்டிறைச்சி விருந்து நடந்தால் தவறாமல் ஆஜர். ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்து, சின்ன ஸ்பைரல் நோட்டு ஒன்றில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். யாரிடமும் பேச்சில்லை. சாப்பாட்டு மேசையில் அவர் பிடிக்கும் இடம், 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டம் வைத்திருக்கும் ஓரம்! எழுதும் பழக்கம் கேட்டீர்களே, இந்தாருங்கள், ஒன்று கிடைத்துவிட்டது. அவர் வீட்டுக்கு வழி கேட்டு வரும் வெளியூர்க்காரர்களை மட்டும் ஊரார் தப்பான பாதையில் அனுப்பி அலையவிடுவார்கள். கேட்டவரின் திமிருக்கு ஏற்றபடி சுற்று கூடும் குறையும்.

ஆக, அவர் ஒளிந்தது மனிதர்களிடமிருந்து அல்ல, நம்மிடமிருந்து. பேட்டி தராத எழுத்தாளருக்குப் பத்திரிகைகள் ஒட்டும் சீட்டுத்தான் இந்த 'ஏகாந்தவாசி'ப் பட்டம். இவரைப் போலவே பேட்டி தராத அமெரிக்க நாவலாசிரியர் தாமஸ் பிஞ்சனும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். 1997இல் சிஎன்என் தொலைக்காட்சிக் குழு அவரை நியூயார்க் தெருவில் படம்பிடித்துவிட்டது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு, தெருக் கூட்டத்தை மட்டும் காட்டினார்கள், அதில் யார் பிஞ்சன் என்று சொல்லவில்லை. அவ்வளவு பேருக்கு நடுவில் நடக்கிற ஆள் எந்தக் கணக்கில் துறவி?

தொடர் விஷயத்துக்கு வருவோம். சாலிஞ்சரின் வாழ்க்கையை எழுத இயன் ஹாமில்டன் புறப்பட்டார். பல்கலைக்கழக நூலகங்களில் இருந்த அவருடைய கடிதங்களிலிருந்து மேற்கோள்களை எடுத்துச் சேர்த்தார். சாலிஞ்சர் வழக்குப் போட்டார். 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாலிஞ்சர் பக்கம் நின்றது. ஆனால் அந்தரங்கத்தைக் காப்பாற்றப் போனவர், அதற்காகவே எதிர்த்தரப்பு வக்கீலின் முன் உட்கார்ந்து, இத்தனை வருஷமாக என்ன எழுதுகிறீர்கள் என்ற கேள்விக்கெல்லாம் வாக்குமூலம் கொடுக்க வேண்டிவந்தது. வெற்றிக்கு என்ன விலை பாருங்கள். அந்தப் பாவத்தில் எங்களுக்கும் பங்கு கேட்கிறீர்கள்.

சரி, எத்தனை மணிக்கு எழுந்தார் என்று தெரிந்தே தீரவேண்டும் என்கிறீர்கள். தெரிந்து? நீங்களும் அலாரம் வைத்து அதே நேரத்துக்கு எழுந்து உட்காருங்கள், தூக்கம்தான் வரும். கடைசியாக அவர் கதை அச்சானது 1965இல். இறந்தது 2010இல், 91 வயதில். இடையில் 1974இல், தன் பழைய கதைகளைத் திருட்டுப் பதிப்பாக விற்கிறார்கள் என்ற கோபத்தில் அவரே நியூயார்க் டைம்ஸ் நிருபரைத் தொலைபேசியில் அழைத்தார். வெளியிடாமல் இருப்பதில் பெரிய நிம்மதி இருக்கிறது, எனக்காக எழுதுகிறேன் என்றார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்வது?

எழுதி வைத்தவற்றை வெளியிடும் வேலை நடப்பதாக அவர் மகன் 2019இல் சொன்னார். அது வரட்டும், பக்கம் பக்கமாக விமர்சனம் போடுகிறோம். தோண்டித் துருவும் தொடருக்கு இங்கே இடமில்லை.