படியேறும் சோதனையில் தேறினேன், ஓட்டத்தில் ஏன் களைக்கிறேன்?

கேள்வி: வயது 38. திருகோணமலையில் தீயணைப்பு வீரராக வேலை செய்கிறேன். ஒரு வருடமாகப் பிரஷருக்கு அட்டெனலோல் குளிசை போடுகிறேன். உடற்தகுதிப் பரிசோதனையில், படியேறும் சோதனையில் 44 வந்தது. ‘நல்லம்’ என்றார்கள். ஆனால் 12 நிமிட ஓட்டத்தில் 1,900 மீற்றர்தான் ஓட முடிந்தது. எதை நம்புவது?

பதில்: ஓட்டத்தை நம்புங்கள், தம்பி.

அந்த 44 என்பது, கடுமையாக உழைக்கும்போது உடல் எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் ஒட்சிசன் உங்களால் இழுக்க முடியும் என்ற கணக்கு. படியேறும் சோதனை அதை நேராக அளப்பதில்லை. நாடித்துடிப்பை வைத்துக் கணக்குப் போடுகிறது. 220இல் வயதைக் கழித்தால் உங்களுக்கு நிமிடத்துக்கு ஆகக்கூடிய துடிப்பு 182. அதில் 80 சதவீதம், அதாவது சுமார் 146 வரை துடிப்பு ஏற விடுவார்கள். துடிப்பு மெதுவாக ஏறினால் ‘நல்ல தகுதி’ என்று கணக்கு வரும். அட்டெனலோலின் வேலையே துடிப்பைக் கட்டிப்போடுவதுதான்! அந்த 44இல் உங்கள் பங்கு எவ்வளவு, குளிசையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. குளிசை போடுவதைச் சோதனை செய்தவரிடம் சொன்னீர்களா?

1,900 மீற்றர் ஓட்டத்துக்கு அதே ஒட்சிசன் கணக்கு 31 அளவில் வரும். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் தீயணைப்பு வீரருக்கு எதிர்பார்ப்பது 42. அதற்கு 12 நிமிடத்தில் கிட்டத்தட்ட 2,400 மீற்றர் ஓட வேண்டும். குளிசை ஓட்டத்தையும் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும், கச்சான் காற்றடிக்கும் பகலில் ஓடியிருந்தால் இன்னும் குறையும். சரி, அதையெல்லாம் தள்ளிப் பார்த்தாலும் இடைவெளி பெரிதுதான். உடுப்பு, காற்றுச் சிலிண்டர் என்று 20 கிலோவுக்கு மேல் சுமந்து படியேறும் வேலை உங்களுடையது.

அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் துடிப்பும் பிரஷரும் எகிறும், மாரடைப்புக்கூட வரலாம். கிளினிக் கொப்பியோடு போய் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். துடிப்பைத் தொடாத பிரஷர் குளிசைகள் இருக்கின்றன, மாற்றலாமா என்று அவர்கள் பார்ப்பார்கள். நடக்க வைத்து எடுக்கும் ஈசிஜி தேவையா என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் கடமையில் இறக்கும் தீயணைப்பு வீரரில் பாதிக்குக் கிட்ட இதயத்தால்தான் போகிறார்கள்.

அவர்கள் ஓம் என்றால், வெயில் ஏறமுன் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை வேகமாக நடந்து ஏறுங்கள், கிழமையில் நாலு நாள். இந்தக் குளிசை போடும் காலம் முழுக்கக் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பைப் பார்க்க வேண்டாம். கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் போதும். நெஞ்சு இறுகினால் ‘வாயு’ என்று சோடா குடித்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.