பாதிரியாரும் பாதிரி மரமும்: ‘அப்பா’ச் சொற்கள் பற்றிக் கேள்வி பதில்

கே: பாதிரியார் தமிழ்ச் சொல்தானே ஐயா? திருப்பாதிரிப்புலியூர் என்று ஊரே இருக்கிறதே?

ப: ஊர்ப்பெயரில் இருப்பது மரம். குறிஞ்சிப்பாட்டிலேயே ‘தேங்கமழ் பாதிரி’ பூத்துவிட்டது. கடலூரில் உள்ள அந்த ஊர்க் கோயிலுக்கும் அதுதான் தலமரம். சர்ச்சில் பூசை வைக்கும் பாதிரியோ கப்பலில் வந்தவர். லத்தீனில் அப்பாவுக்குப் ‘பாத்தெர்’. அதிலிருந்து போர்த்துக்கீசியத்தில் இரண்டு சொற்கள் பிறந்தன: பெற்றவருக்குப் ‘பாய்’, குருவுக்குப் ‘பாத்ரெ’. நாம் குருவை மட்டும் எடுத்துக்கொண்டோம். மேசை, சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் அதே கப்பல் சரக்குதான். அவற்றுக்குப் போடாத ‘ஆர்’ விகுதியை இவருக்குப் போட்டோம். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ முகப்பிலேயே அதை எழுதியவர் ‘பாதிரியார்’தான்.

கே: அப்படியானால் பிதா, ஃபாதர், தந்தை எல்லாம் ஒரே வேரா?

ப: பிதா, பாத்தெர், ஃபாதர் மூன்றும் பங்காளிகள். ஆங்கிலக் கிளையில் பகரம் ஃபகரமாகிவிட்டது. தந்தை அந்தக் குடும்பமே இல்லை. ‘எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்’ என்கிறதே குறுந்தொகை 40ஆம் பாட்டு? எந்தை என் அப்பா, நுந்தை உன் அப்பா, தந்தை அவனுடைய அல்லது அவளுடைய அப்பா. யாருடைய அப்பா என்பது சொல்லுக்குள்ளேயே அடங்கியிருந்தது. பிறகு மற்ற இரண்டும் வழக்கொழிந்து, மூன்றாம் ஆளின் அப்பாவே எல்லாருக்கும் பொதுவாகிவிட்டார். அந்தக் கணக்கில் ‘என் தந்தை’ கொஞ்சம் விசித்திரமான தொடர்தான்! அப்பர் ‘ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்’ என்று பாடியது எங்கே தெரியுமா? அதே பாதிரிப்புலியூரில்.

கே: பைபிளில் ‘அப்பா, பிதாவே’ என்று வருகிறது. நம் அப்பா, இயேசு பேசிய அரமேய மொழியிலிருந்து வந்ததா?

ப: இல்லை. உதடு ஒட்டிப் பிரியும் ஒலிகள் எந்த ஊர்க் குழந்தைக்கும் முதலில் வருபவை. அதை வைத்துச் சொந்தம் கொண்டாட முடியாது. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா!

கே: நாங்கள் அப்பாவை ‘அத்தா’ என்போம். உருது என்கிறார்களே?

ப: நல்ல பழந்தமிழ். ‘பித்தா பிறைசூடி’ப் பதிகத்தில் சுந்தரர் சிவனை ‘அத்தா’ என்றுதான் கூப்பிடுகிறார். கேலி செய்தால் தேவாரத்தைக் காட்டுங்கள்.

கே: திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு. போப் எப்படிப் ‘போப் ஐயர்’ ஆனார்?

ப: ஐ என்றால் தலைவன். ‘என்னைமுன் நில்லன்மின்’ என்ற குறளில் இருப்பது ‘என் ஐ’. அதிலிருந்து ஐயன், ஐயா, ஐயர். பெரியவரைச் சொல்லும் சொல்; சீர்திருத்தச் சபையார் தங்கள் போதகருக்கு வைத்தார்கள்.

கே: ‘அருட்தந்தை’ சரியா?

ப: புணர்ச்சி விதிப்படி ‘அருட்டந்தை’. அப்படிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். விட்டுவிடுங்கள்.