பட், ஆல்தோ, ஹவெவர்: ஒரு முரணுக்கு ஒரு சொல் போதும்

பல ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள் நான். முரணைக் காட்டும் ஆங்கில இணைப்புச் சொற்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கல்லூரி மாணவி: "ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், பட் ஹீ கேம்" என்று எழுதினேன். விரிவுரையாளர் "பட்" என்ற சொல்லை அடித்துவிட்டார். என்ன தவறு, அம்மா?

அவர் அடித்தது சரிதான். ஆனால் நீங்கள் ஏன் அப்படி எழுதினீர்கள் என்பதுதான் முக்கியம். "மழை பெய்தாலும் அவன் வந்தான்" என்பதில் முரணைக் காட்டும் "ஆலும்" எங்கே இருக்கிறது? முதல் பகுதியின் கடைசியில், இரண்டு பகுதிகளும் சேருகிற இடத்தில். ஆங்கிலத்தின் "ஆல்தோ" முதல் பகுதியின் தலைப்பிலேயே வந்துவிடுகிறது. சேருமிடத்தில் ஒரு காற்புள்ளி மட்டும்தான் மிஞ்சுகிறது. தமிழில் பழகிய காதுக்கு அந்த இடம் வெறுமையாகப் படுகிறது. கை தானாக அங்கே ஒரு "பட்" வைத்துவிடுகிறது. இந்தப் பிழையை நான் திருத்திய விடைத்தாள்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கவனக்குறைவால் வருவதல்ல அது, தாய்மொழியின் பழக்கத்தால் வருவது.

தமிழிலும் "மழை பெய்தாலும், ஆனால் அவன் வந்தான்" என்று நாம் எழுதுவதில்லை அல்லவா? "ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், ஹீ கேம்" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் "இட் வாஸ் ரெயினிங், பட் ஹீ கேம்". இரண்டில் ஒன்று.

ஓய்வுபெற்ற வாசகர்: பழைய ஆங்கில பைபிளில் யோபு 13:15-இல் "தோ ஹீ ஸ்லே மீ, யெட் வில் ஐ ட்ரஸ்ட் இன் ஹிம்" என்று இருக்கிறது. "தோ", "யெட்" இரண்டும் சேர்ந்தே வருகின்றனவே?

அருமையான கவனிப்பு, ஐயா. அது 1611-ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு. அங்கே "யெட்" வாக்கியங்களை இணைக்கவில்லை. "அப்போதும்" என்ற பொருளில் வினையை அழுத்துகிறது. இன்று அந்த வேலையை "ஸ்டில்" செய்கிறது: "ஆல்தோ ஹீ வாஸ் டயர்டு, ஹீ ஸ்டில் கேம்." இது பிழையற்ற வாக்கியம். முரணைக் காட்டும்போது "பட்" என்ற சொல்லுக்கு இணைக்கும் வேலைதான் உண்டு. அதனால் அதற்கு அங்கே இடமில்லை.

அலுவலகப் பணியாளர்: "ஐ கால்டு ஹிம், ஹவெவர் ஹீ டிட் நாட் ஆன்சர்" என்ற என் மின்னஞ்சலில் மேலாளர் காற்புள்ளியை மட்டும் சுழித்திருந்தார்.

"ஹவெவர்" என்பதும் "பட்" என்பதும் பொருளில் நெருக்கமானவை, இலக்கணத்தில் வேறு வேறு. "பட்" இணைப்புச் சொல், "ஹவெவர்" வினையடை. ஒரு சோதனை சொல்கிறேன். அந்தச் சொல்லை வாக்கியத்துக்குள் நகர்த்திப் பாருங்கள். "ஹீ, ஹவெவர், டிட் நாட் ஆன்சர்" என்று நடுவில் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். "பட்" அப்படி நகராது. நகரக்கூடிய சொல்லால் இரண்டு முழு வாக்கியங்களைக் கட்ட முடியாது. ஆகவே "ஹிம்" என்பதற்குப் பின் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். "ஹவெவர்" முடிந்ததும் ஒரு காற்புள்ளி.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: "டிஸ்பைட் ஆஃப்" சரியா?

இல்லை. "இன் ஸ்பைட் ஆஃப்" உண்டு, "டிஸ்பைட்" தனியாக உண்டு. இரண்டையும் கலக்கக் கூடாது. இவற்றின் பின்னால் பெயர்ச்சொல்லோ "இங்" வடிவமோ வரும்: "டிஸ்பைட் தி ரெயின்", "டிஸ்பைட் பீயிங் இல்". எழுவாயும் வினையும் கொண்ட பகுதி வருமானால் "ஆல்தோ" போடுங்கள். தேர்வுகளில் இதைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவரே மீண்டும்: "ஈவன் தோ", "ஈவன் இஃப்" இரண்டுக்கும் தமிழில் "ஆலும்" தானே? எப்படிப் பிரிப்பது?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். ஆம், "மழை பெய்தாலும் வருவேன்", "மழை பெய்தாலும் வந்தான்" இரண்டிலும் ஒரே "ஆலும்". குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் அதைத் தீர்க்கும் கருவியும் தமிழிலேயே இருக்கிறது. "ஆலும்" இருக்கும் இடத்தில் "உம்" மட்டும் போட்டுப் பாருங்கள். "மழை பெய்தும் வந்தான்": இயல்பாக ஒலிக்கிறது. "மழை பெய்தும் வருவேன்": காது ஏற்கவில்லை. ஏனென்றால் "பெய்தும்" என்பது உண்மையில் பெய்த மழையைச் சொல்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் மழை இன்னும் பெய்யவில்லை.

"பெய்தும்" பொருந்தினால் "ஈவன் தோ": "ஈவன் தோ இட் ரெயின்டு, ஹீ கேம்." பொருந்தாவிட்டால், பெரும்பாலும் "ஈவன் இஃப்": "ஈவன் இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் கம்." "எவ்வளவு படித்தும் தேறவில்லை" என்று யாராவது சொன்னால், அவர் படித்தது நடந்த செய்தி, அங்கே "ஈவன் இஃப்" வரவே வராது. தமிழ் அறிந்தது இங்கே உங்களுக்குத் தடை அல்ல, துணை.

பள்ளி மாணவர்: வாக்கியத்தை "பட்" என்று தொடங்கக் கூடாதாமே?

அப்படி ஓர் இலக்கண விதி இல்லை, தம்பி. 1776-ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்திலேயே "பட் வென் எ லாங் ட்ரெயின் ஆஃப் அப்யூசஸ்" என்று ஒரு வாக்கியம் தொடங்குகிறது. ஆனால் உங்கள் ஆசிரியர் தவிர்க்கச் சொன்னால், தேர்வு முடியும்வரை தவிர்த்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்: "ஆன் தி கான்ட்ரரி" என்று நான் எழுதும் இடங்களில் எல்லாம் பதிப்பாசிரியர் "ஆன் தி அதர் ஹேண்ட்" என்று மாற்றுகிறார்.

"ஆன் தி கான்ட்ரரி" முன்னால் சொன்னதை மறுப்பது: "அவர் சோம்பேறி அல்லர், மாறாக, கடுமையாக உழைப்பவர்." "ஆன் தி அதர் ஹேண்ட்" இரண்டையும் ஒப்புக்கொண்டு எடைபோடுவது: "வாடகை குறைவு, மறுபுறம், வீடு தொலைவில் இருக்கிறது." நீங்கள் மறுக்கிறீர்களா, எடைபோடுகிறீர்களா என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறு நிறுவனம் நடத்துபவர்: எங்களிடம் வேலை பார்த்த பெண்ணுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறேன். "ஷீ இஸ் கேர்ஃபுல் பட் ஸ்லோ" என்று எழுதியிருக்கிறேன். இலக்கணம் சரியா, அம்மா?

இலக்கணம் சரி. ஆனால் தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள். "பட்" என்பதற்குப் பின்னால் வருவதுதான் படிப்பவர் மனத்தில் தங்கும். நீங்கள் எழுதியபடி, "கவனமானவர், ஆனால் மெதுவானவர்" என்று படித்த மேலாளர் வேறொருவரைத் தேடுவார். "ஷீ இஸ் ஸ்லோ பட் கேர்ஃபுல்" என்று திருப்பிப் போடுங்கள். சொற்கள் அவையேதான், உண்மையும் அதுவேதான். மெதுவாகச் செய்தாலும் பிழையில்லாமல் செய்பவர் என்று அவரைப் பற்றி நினைப்பார்கள்.