சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற குடியிருப்பு என்றால் அருகிலுள்ள சதுப்புநிலத்துக்குப் பாதிப்பில்லை என்று பொருளா?

இல்லை. சுற்றுச்சூழல் அனுமதி தேவையா, எவ்வளவு விரிவான ஆய்வு தேவை என்பவை பெரும்பாலும் திட்டத்தின் அளவைப் பொறுத்தே முடிவாகின்றன. அந்த இடம் சதுப்புநிலமா, மழைக்காலத்தில் நீர் வந்து தங்கும் நிலமா என்பது வேறொரு விதித்தொகுப்பின் கீழ் வேறோர் அமைப்பு தீர்க்க வேண்டிய கேள்வி. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனமொன்றில் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், தென்சென்னையிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை முன்வைத்து இதை விளக்குகிறேன்.

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986இன் கீழ் 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே இதற்கு அடிப்படை. அதன் அட்டவணையில் கட்டுமானத் திட்டங்கள் எட்டாம் இனமாக வருகின்றன. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டாவிட்டால், கட்டடம் ஏரிக்கரையை ஒட்டியே எழுந்தாலும், இந்த இனத்தின்படி முன் அனுமதி தேவையில்லை. 20,000 முதல் 1,50,000 சதுர மீட்டருக்குள் இருந்தால், விரிவான தாக்க அறிக்கை இல்லாமலேயே, படிவத்தில் தரப்படும் விவரங்களையும் திட்ட வரைவையும் கொண்டு மாநில வல்லுநர் மதிப்பீட்டுக் குழு பரிசீலித்து, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குப் பரிந்துரைக்கும். அதற்கும் மேற்பட்ட நகரியத் திட்டங்களுக்குத்தான் முழு அறிக்கை. எட்டாம் இனத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. அனல்மின் நிலையத்துக்கு நடக்கும் கூட்டத்தில் மீனவர் எழுந்து நின்று கேள்வி கேட்க முடியும், அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அந்த வாய்ப்பே இல்லை.

இதே அறிவிக்கையில் பொது நிபந்தனை என்று ஒரு பகுதி உண்டு. வனவிலங்குச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட பகுதி, கடுமையாக மாசடைந்த பகுதி, அறிவிக்கப்பட்ட சூழல் உணர்திறன் பகுதி, மாநில எல்லை ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வரும் சில வகைத் திட்டங்களை மாநிலத்துக்குப் பதிலாக மத்திய அரசே பரிசீலிக்க வேண்டும் என்கிறது அது. இந்தப் பட்டியலில் ராம்சர் நிலங்கள், அதாவது ராம்சர் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்ட முக்கிய ஈரநிலங்கள், இடம்பெறவில்லை.

முழு அறிக்கை தேவைப்படும் திட்டங்களிலும் குறையுண்டு. அறிக்கைக்கான அடிப்படைத் தரவுகளை மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தில் திரட்டினால் போதும் என்பதே வழக்கமான ஆய்வு வரையறை. காற்றின் தரத்தை அளக்க இது பொருந்தலாம். ஆனால் வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் சென்னைச் சதுப்பில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீர் எந்த வழியாக வருகிறது, எவ்வளவு உயரம் நிற்கிறது, வலசைப் பறவைகள் எங்கே இறங்குகின்றன என்பவைதாம் தெரிந்தாக வேண்டியவை. மார்ச்சுக்குப் பிறகு போய் மண்மாதிரி எடுத்தால் வெடித்துக் கிடக்கும் தரையைத்தான் பார்க்க முடியும். அறிக்கையிலும் "தரிசு நிலம்" என்று பொய் கலவாமலே எழுதிவிடலாம். அறிக்கை எழுதும் நிறுவனத்துக்குத் திட்டத்தாரே கட்டணம் தருவதைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். அது நியாயமான குறையே என்றாலும், எதை, எப்போது பார்க்க வேண்டும் என்ற வரையறை இதைவிடப் பெரிய கேடு செய்கிறது என்பது என் கருத்து.

இனி அந்த இன்னொரு விதித்தொகுப்பு. 2017ஆம் ஆண்டின் ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், ராம்சர் நிலங்களுக்கும் அரசு தனியாக அறிவிக்கை செய்த ஈரநிலங்களுக்கும் பொருந்தும். அங்கே ஆக்கிரமிப்பு உள்ளிட்ட நிலப்பயன்பாட்டு மாற்றம், புதிய தொழிற்சாலை, குப்பை கொட்டுதல், கடந்த பத்து ஆண்டுகளின் சராசரி உயர் வெள்ளமட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆற்று வாய்க்கால்களையும், நெல் வயல்களையும், குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் அந்த விதிகள் விலக்கி வைத்துவிட்டன. தமிழ்நாட்டின் ஏரி, கண்மாய், ஏந்தல், தாங்கல் எல்லாமே பாசனத்துக்கென வெட்டப்பட்டவை அல்லவா? அவற்றுக்கு 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் வருவாய்த் துறையின் புறம்போக்குப் பதிவும்தாம் துணை. நாடு முழுவதும் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவை எனச் செயற்கைக்கோள் வழியே அடையாளம் காணப்பட்ட 2,01,503 ஈரநிலங்களை, அறிவிக்கை வரும்வரை காத்திராமல் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது.

பள்ளிக்கரணைக்கு இந்த விலக்கு பொருந்தாது. அங்கே சிக்கல் எல்லையில் இருக்கிறது. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. 2007இல் இதன் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது குறிக்கப்பட்ட பரப்போ 1,247.54 ஹெக்டேர். இந்தப் பெரிய எல்லை எந்தெந்தச் சர்வே எண்கள் வழியாகப் போகிறது என்பதைத் தரையில் அளந்து முடிப்பதற்குள், வரைபடத்தின் ஓரங்களில் அனுமதிகள் வழங்கப்பட்டதாக வழக்குகள் எழுந்தன. ஈரநிலத்தின் செல்வாக்கு மண்டலத்தை, அதாவது எந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் நடக்கும் வேலை சதுப்பைக் கெடுக்குமோ அந்தப் பகுதியை, வரையறுக்க வேண்டும் என்று விதிகள் சொல்லியிருந்தும் அதுவும் முடியவில்லை. ஆகவே, அந்த ஆய்வு முடியும்வரை ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும் கட்டுமானத்துக்கு அனுமதி தரக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. முறையாகப் பணம் கட்டி வீடு வாங்கியவர்களுக்கு இது பேரிடிதான். ஆனால் எல்லையை முதலிலேயே அளந்திருந்தால் இரு தரப்புக்கும் இந்த நிலை வந்திருக்காது.

எனவே அனுமதிக் கடிதத்தின் முதல் பக்கத்தோடு நிற்காமல், சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்களுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் விண்ணப்பத்தையும் மதிப்பீட்டுக் குழுவின் கூட்டக் குறிப்புகளையும் எடுத்துப் படியுங்கள். அருகிலுள்ள நீர்நிலை எவ்வளவு தூரத்தில் இருப்பதாக விண்ணப்பதாரர் எழுதியிருக்கிறார் என்பதைப் ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுகளையும் காட்டும் புலப்பட வரைபடத்தோடும், நிலத்தின் வகையைப் பதிந்து வைக்கும் கிராமத்தின் "அ" பதிவேட்டோடும் ஒப்பிடுங்கள். மனைக்குள் வரத்துக் கால்வாய் ஒன்று ஓடுவது பல நேரங்களில் அங்கேதான் தெரியவரும். நீர்வளத் துறை தந்த வெள்ளத் தடையின்மைச் சான்றில் தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்தச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஒன்றரை மீட்டர் மண்ணடித்து உயர்த்தச் சொல்லியிருந்தால், அதுவரை அங்கே நின்ற நீர் இனிப் பக்கத்துத் தெருவுக்குப் போகும் என்றே பொருள்.

அனுமதியை எதிர்க்க விரும்பினால் காலம் குறைவு. அது வழங்கப்பட்டதை ஏழு நாட்களுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் திட்டத்தார் விளம்பரப்படுத்த வேண்டும். அவற்றில் ஒன்றாவது வட்டார மொழியில் இருக்க வேண்டும். ஆணை தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். அதற்குப் பிறகு காலதாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் அதற்குச் சட்டப்படி இல்லை.