குதிரைக்கு எந்த பிட்? வாசகர் கேள்வி – பதில்

சவாரிக் குதிரைகள் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கடிவாளத்தைப் பற்றியவை. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். வாய்க்குள் போகும் இரும்பை லாயத்தில் சொல்வதுபோல ‘பிட்’ என்றே எழுதியிருக்கிறோம்.

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற 7 வயது தரோபிரெட் இனக் குதிரை ஒன்று வாங்கியிருக்கிறேன். விற்றவர் கொடுத்த பிட் ஐந்தரை அங்குலம், நடுவில் ஒரு மூட்டு. லகானைத் தொட்டாலே தலையைத் தூக்கி உதறுகிறது. என்ன அளவு வாங்குவது?
– வாசகர், கோயம்புத்தூர்

தரோபிரெட்டுகளில் பலவற்றுக்கு 5 அங்குலம், அதாவது 12.5 செ.மீ. போதும். ஐந்தரை பெரும்பாலும் தலை பெருத்த வார்ம்பிளட் இனக் குதிரைகளுக்குத்தான் பொருந்தும். ஆனால் ஊகத்தில் வாங்காதீர்கள், அளந்துவிடலாம்.

சுண்டுவிரல் கனமுள்ள ஓர் அடி நீள மரக்குச்சியை எடுத்து, சிலாம்பு எதுவும் இல்லாமல் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒரு முனைக்கு அருகே ரப்பர் பேண்டை நான்கைந்து சுற்றுச் சுற்றுங்கள். குச்சியை பிட் இருக்கும் இடத்தில் வைத்து, ரப்பர் பேண்ட் ஒரு பக்கக் கடைவாயில் லேசாகத் தொடும்படி பிடியுங்கள். மறுபக்கம் உதடு முடியும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். உதட்டை அழுத்திவிட்டால் அளவு குறைந்து வரும். இரண்டுமுறை அளந்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

வளையம் சுழலும் லூஸ் ரிங் பிட் என்றால் இந்த அளவோடு பக்கத்துக்கு 5 மி.மீ. வீதம் ஒரு செ.மீ. கூட்டுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் வளையம் சுழலும்போது துளையில் உதட்டுத் தோல் மாட்டும். எக்பட், டி ரிங் போன்ற அசையாத பக்கங்கள் கொண்டவற்றுக்கு மொத்தம் 5 மி.மீ. கூட்டினால் போதும். கடையில் பிட்டை அளக்கும்போது நேராக இழுத்துப் பிடித்து, ஒரு வளையத்தின் உள்விளிம்பிலிருந்து மற்றதன் உள்விளிம்பு வரை அளக்க வேண்டும். வளையத்தையும் சேர்த்து அளந்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

உங்கள் குதிரையிடம் இப்போது நடப்பது இதுவாக இருக்கலாம்: பிட் அகலமாக இருப்பதால் நடுமூட்டு தாழ்ந்து தொங்குகிறது. லகானை இழுத்ததும் பிட்டின் இரண்டு பாதிகளும் பாக்குவெட்டிபோல மடங்கி, நாக்கையும் அதன் இருபுறமும் உள்ள பல்லில்லாத தாடை ஈறையும் நெருக்குகின்றன. அந்த ஈறுக்கு அடியில் சதை கிடையாது. மெல்லிய தோலும் கூரான எலும்பு விளிம்பும்தான். பிட் ஒரு பக்கமாக நகர்ந்தால் மூட்டும் நடுவை விட்டு விலகி, அழுத்தம் ஒரே பக்கத்தில் விழும். குதிரை தலையைத் தூக்காமல் என்ன செய்யும்?

கனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘பிட் தடிமனாக இருந்தால் மென்மை’ என்பது பாதி உண்மைதான். தரோபிரெட்டின் வாயில் நாக்கே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பல்லில்லாத இடத்தில் பக்கவாட்டிலிருந்து இரண்டு விரல்களை நுழைத்துப் பாருங்கள். நாக்கும் மேலண்ணமும் உடனே விரலை நெருக்கினால் 18, 20 மி.மீ. பிட்டுக்கு அங்கே இடமில்லை. 14 முதல் 16 மி.மீ. வரை எடுக்கலாம். டிரெஸாஜ் எனப்படும் நடைப்பயிற்சிப் போட்டியின் சர்வதேச விதிகளில், குதிரைகளின் ஸ்னாஃபிளுக்கு (நெம்புகோல் தண்டு இல்லாத சாதாரண பிட்) குறைந்தபட்சக் கனம் 14 மி.மீ. அதற்குக் கீழே போகாதீர்கள்.

எங்கள் பரிந்துரை: நடுவில் உருண்டையான சிறு இணைப்போடு இரண்டு மூட்டு கொண்ட எக்பட், அளவு நீங்கள் அளந்ததோடு மேலே சொன்ன 5 மி.மீ. கூட்டி. தட்டையான இணைப்பு என்றால் ஃபிரெஞ்சு லிங்க் வாங்கலாம்; அதன் நடுத்தகடு சிறியது, இடுப்பு ஒடுங்கி 8 வடிவில் நாக்கின் மேல் படுத்திருக்கும். பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் டாக்டர் பிரிஸ்டல் வேறு. அதன் நீளமான தகடு சாய்வாகப் பொருத்தப்பட்டது. விளிம்பு நாக்கில் அழுந்தும். கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருப்பது உண்டு.

பந்தயக் குதிரை என்பதால் இன்னொன்று. ஜாக்கி லகானை இறுக்கிப் பிடித்தால் அதன் மேல் சாய்ந்து ஓடுவதற்கே அது பழகியிருக்கும். நிற்பதற்காக நீங்கள் விடாமல் இழுப்பது, ‘இன்னும் போ’ என்று அதன் காதில் விழலாம். மெல்லிய வட்டக் கம்பியாலான சிஃப்னி என்ற பிட் குதிரையோடு சேர்ந்து வந்திருந்தால், அது தரையில் நின்று பிடித்து நடத்துவதற்கு மட்டும். அதைப் போட்டுச் சவாரி செய்யவே கூடாது.

‘கடைவாயில் இரண்டு சுருக்கம் விழ வேண்டும்’ என்கிறார் எங்கள் சைஸ் (குதிரைப் பராமரிப்பாளர்). சரியா?
– வாசகி, மதுரை

தொடக்க அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். உதடு தடித்த குதிரைக்கு ஒரு சுருக்கம் விழும்போதே பிட் போதுமான உயரத்தில் இருக்கும். மெல்லிய உதட்டில் மூன்று விழுந்தும் தாழ்ந்திருக்கும். உதட்டை விலக்கி உள்ளே பார்ப்பதுதான் நம்பகமானது. ஆண் குதிரைக்கு 4, 5 வயதில் கோரைப்பல் முளைத்திருக்கும். பிட் அதற்கு மேலே சுமார் 2 செ.மீ. தள்ளி, முதல் கடைவாய்ப்பல்லிலும் இடிக்காமல் இருக்க வேண்டும். தாழ்ந்தால் கோரைப்பல்லில் இடிக்கும், நாக்கை மேலே போடவும் வழி கிடைக்கும். உயர்ந்தால் லகானைத் தளர்த்திய பிறகும் கடைவாய் இழுபட்டே இருக்கும். அழுத்தம் விலகுவதைக் குதிரை உணரவே முடியாது.

பிட்டைத் தாங்கும் கன்னவாரை இரு பக்கமும் ஒவ்வொரு துளையாக மாற்றுங்கள். பழைய தோல்வார் ஒரு பக்கம் நீண்டிருக்கும் என்பதால் துளைகளை எண்ணினால் மட்டும் போதாது. முன்னால் நின்று பிட் கிடைமட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று பிட் மாற்றியாகிவிட்டது. இன்னமும் நாக்கை பிட்டுக்கு மேலே போட்டு வெளியே தொங்கவிடுகிறது. நான்காவதாக எதை வாங்கலாம்?
– வாசகர், திருச்சி

எதையும் வாங்காதீர்கள். கால்நடை மருத்துவரை அழைத்துப் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேல்தாடையில் முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் சில குதிரைகளுக்குச் சிறு வுல்ஃப் பல் இருக்கும். சில வேளை ஈறுக்கு அடியிலேயே புதைந்திருக்கும், கண்ணில் படாது. பிட் அதில் மோதினால் வலிக்கும். மருத்துவர் எளிதில் எடுத்துவிடுவார். இரண்டரை வயது முதல் 4 வயது வரை பால்பற்கள் விழுந்து கடைவாய்ப்பற்கள் முளைக்கும் காலம். அந்த வயதில் வாய்த் தகராறு வந்தால் பழக்கத்தின் மேல் பழி போடும் முன் பல்லைச் சந்தேகியுங்கள். வயதான குதிரைக்கு மேல்பற்களின் வெளிவிளிம்பும் கீழ்ப்பற்களின் உள்விளிம்பும் தேய்ந்து கத்திபோலக் கூராகும். கன்னத்தையும் நாக்கையும் அறுக்கும். ஆண்டுக்கு ஒருமுறை பல் ராவல் (கூர் விளிம்பை அரத்தால் தேய்ப்பது) போதும். இளங்குதிரையை 6 மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள்.

மருத்துவர் வரும்போது தாடை ஈறையும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய அடி எலும்பில் முண்டாக நிற்கும். புண் இருந்தால் ஆறும்வரை பிட்டே வேண்டாம். பிட் இல்லாத தலைக்கயிறான ஹால்ட்டரோடு, தரையில் நின்று பயிற்சி கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: வாயைத் திறக்கிறது, நாக்கை நீட்டுகிறது என்று மூக்குவாரை இறுக்குவார்கள். அறிகுறி மறையும், வலி அப்படியே இருக்கும். மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் நுழைய வேண்டும். பக்கத்தில் கன்னத்தின்மேல் நுழைத்துப் பார்ப்பது கணக்கில்லை. அங்கே சதை அமுங்கிக் கொடுக்கும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ. 2025இல் போட்டிகளில் இதைச் சோதிக்க அளவுகருவியே கொண்டுவந்துவிட்டது.

புதிய பிட்டை மாற்றும்போது என்ன முறை? மாற்றியதும் குதிரை மிரள்கிறது.
– வாசகர், உதகை

முதலில் பிட்டை வெளியிலேயே சோதியுங்கள். விரலைத் துளை ஓரங்களில் ஓட்டினால் பிசிறு தட்டுப்படும். இரண்டு வளையங்களையும் கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள்; வளைவுள்ள பிட் என்றால் வளைவு இரு பக்கமும் ஒரே திசையில், குதிரையின் உதட்டை நோக்கி முன்புறம் வர வேண்டும். மாற்றுபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இங்கேதான்: பிட்டைத் திருப்பி மாட்டிவிடுவார்கள், பார்த்தால் தெரியாது, குதிரைக்குத் தெரியும்.

பழைய பிட்டைக் கழற்றும் முன் கன்னவார் இருக்கும் துளையைக் குறித்துக்கொள்ளுங்கள். எக்பட்டிலிருந்து பெரிய வளையமுள்ள லூஸ் ரிங்குக்கு மாறினால் பிட் தாழ்ந்துவிடும். ஒரு துளை ஏற்ற வேண்டிவரும். முதலில் கன்னவார்களை மாட்டி, கடைசியில் லகானை மாட்டுங்கள். கொக்கிகள் உட்பக்கம், குதிரையின் கன்னத்தைப் பார்க்க வரும்.

உதகையில் டிசம்பர்க் காலையில் இரும்பு பனிக்கட்டிபோல இருக்கும். மிரட்சிக்கு அதுவே காரணமாகலாம். வெதுவெதுப்பான நீரில் முக்கியோ கைக்குள் வைத்தோ சூடேற்றிவிட்டு மாட்டுங்கள். பிட்டை முன்பற்களில் தட்டாதீர்கள். இடது கைப் பெருவிரலைக் கடைவாயில், பல்லில்லாத இடத்தில் வைத்தால் வாய் தானாகத் திறக்கும். கழற்றும்போது அவசரமாக இழுத்தால் பல்லில் மாட்டும். தலைவாரைக் காதுகளைத் தாண்டி மெல்ல இறக்கி, குதிரையே பிட்டை உமிழும்வரை காத்திருங்கள்.

முதல் நாள் லகானே இல்லாமல் லாயத்தில் பத்து நிமிடம் போட்டுவிட்டு அருகிலேயே நில்லுங்கள். அடுத்து மூடிய வளாகத்தில் நடை மட்டும். ஒரு வாரமாவது அதே பிட்டோடு இருங்கள். பிட், மூக்குவார், சேணம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று ஒருநாளும் தெரியாது.

மைதானத்தில் பாய்ந்து ஓடுகிறது, நிற்பதில்லை. கர்ப் பிட் போட்டால் கட்டுப்படுமா?
– வாசகர், சென்னை

இரு பக்கமும் தண்டும் தாடைக்கு அடியில் செயினும் கொண்ட கர்ப் பிட் ஒரு நெம்புகோல். கணக்கைப் பாருங்கள். வாய்க்கம்பிக்கு மேலே உள்ள தண்டு 4 செ.மீ., கீழே உள்ள தண்டு 8 செ.மீ. என்று வைப்போம். தாடைக்கு அடியில் செயின் இறுகிய பிறகு லகானில் ஒரு கிலோ இழுத்தால் செயினில் 2 கிலோ, வாயில் 3 கிலோ அழுத்தம் விழும். போதாததற்கு உச்சந்தலை வாரும் இழுபடும். பழகிய கையில் இது விரல் அசைவைச் சொல்லும் நுட்பமான கருவி. பயந்துபோய்த் தொங்கும் கையில் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வலியிலிருந்து தப்ப ஓடும் விலங்கு குதிரை. வலியைக் கூட்டினால் நிற்கும் என்று எதிர்பார்ப்பது தலைகீழ்.

ஸ்னாஃபிளிலேயே நிறுத்தக் கற்றுக்கொடுங்கள். நடையில் தொடங்கி: அழுத்தம், குதிரை தயங்கிய கணத்தில் விடுதல், மறுபடி. இரண்டு லகானையும் சேர்த்து இழுத்தபடியே இருந்தால் குதிரை அதில் சாய்ந்துகொள்ளும். ஒரு பக்க லகானால் கழுத்தை வளைத்து வட்டத்தைச் சுருக்கி நிறுத்துவதையும் நடையிலேயே பழக்குங்கள். முழுப் பாய்ச்சலில் முதன்முறையாகத் திடீரென்று செய்தால் குதிரை கால் தடுக்கி விழும். கூடவே தீனியையும் பாருங்கள்: நாள் முழுவதும் லாயத்தில் நின்று, ஓட்ஸ் நிறையத் தின்றுவிட்டு, அரைமணி நேரம் மட்டும் வெளியே வரும் குதிரை பாயத்தான் செய்யும்.

அப்படியும் பயிற்சியாளர் கர்ப் வேண்டும் என்றால்: தண்டு 45 பாகை அளவு சாயும்போது செயின் இறுக வேண்டும், செயினை முறுக்கு நீங்கித் தட்டையாகும்வரை திருப்பிக் கொக்கியில் மாட்டுங்கள்.

திருமண ஊர்வலக் குதிரையின் வாயில் முள் வைத்த பிட்டைப் பார்த்தேன். இது அனுமதிக்கப்பட்டதா?
– வாசகி, வேலூர்

இல்லை. பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகள் வதைத்தடுப்பு விதிகள் 1965இன் 8ஆம் விதி, சவாரிக்கோ ஓட்டுவதற்கோ முள், முண்டு, கூர்முனை கொண்ட பிட்டைப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. வண்டிக் குதிரை, ஊர்வலக் குதிரை என்ற விலக்கெல்லாம் இல்லை. உதட்டில் பழைய வெண்தழும்பு, நாக்கில் பிளவு தெரிந்தால் அது பல காலமாக முள் பிட்டில் இருந்தது என்று சந்தேகிக்கலாம். படம் எடுத்துக் காவல் நிலையத்திலோ கால்நடை பராமரிப்புத் துறையிலோ புகார் கொடுங்கள். வாடகைக்கு எடுக்கும் வீட்டார் முன்பே ‘முள் பிட் இருந்தால் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் வேலை இன்னும் சுலபமாக முடியும்.

செம்பு கலந்த பிட் நல்லதா, ரப்பரா?
– வாசகர், ஈரோடு

செம்பு கலந்ததைச் சில குதிரைகள் விரும்பிச் சுவைக்கும், எச்சில் ஊறும். சில கண்டுகொள்ளவே மாட்டா. முதல் பிட்டாகத் தரமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே போதும். நிக்கல் முலாம் பூசியதைத் தவிருங்கள், முலாம் உரிந்தால் ஓரம் வெட்டும். ரப்பர் மென்மைதான், ஆனால் எச்சில் குறைந்த வாயில் ஒட்டி உராயும். மென்று தின்னும் குதிரையிடம் நாள்தோறும் பல்தடத்தைச் சோதிக்க வேண்டும்.

பிட் எத்தனை ஆண்டு உழைக்கும்?
– வாசகர், கொடைக்கானல்

ஆண்டுக் கணக்கு கிடையாது. ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் வெறும் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். காய்ந்த நுரை மணல்தாள்போல உரசும். மாதம் ஒருமுறை மூட்டை இழுத்துப் பாருங்கள். மூட்டின் கொக்கி பாதி தேய்ந்திருந்தாலோ, லூஸ் ரிங்கின் துளை நீள்வட்டமாகி ஓரம் கூர்ந்திருந்தாலோ பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள்.