டனல் போட்டாயிற்று, ரூட் வரவில்லை: 44நெட் வீட்டு கேட்வே

கேள்வி: பாலக்கோட்டில் இருக்கிறேன். வியு3 அமெச்சூர் ரேடியோ உரிமம் உண்டு. வீட்டில் ஃபைபர் இணைப்பு, ஒரு ராஸ்பெர்ரி பை சிறு கணினி. அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கான 44 என்று தொடங்கும் இணைய முகவரித் தொகுதியான 44நெட்டில் /29 (8 முகவரி) ஒதுக்கீடு வாங்கி, போர்ட்டலில் கேட்வேயும் பதிந்து, ஐபிஐபி டனல் (ஒரு ஐபி பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் வழி) போட்டுவிட்டேன். ஒரு ரூட்கூட (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற தகவல்) வரவில்லை. ரவுட்டரில் எந்த போர்ட்டைத் திறக்க வேண்டும்?

பதில்: எந்தப் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. ஐபிஐபி என்பது டிசிபியும் அல்ல, யுடிபியும் அல்ல. அது 4ஆம் எண் புரோட்டோகால். அதற்குப் போர்ட்டே கிடையாது.

முதலில் ரவுட்டரின் வேன் (WAN, வெளி இணையப் பக்க) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றிலோ, 10 என்றோ தொடங்கினால், உங்கள் வீட்டுக்குத் தனிப் பொது முகவரி இல்லை. சிஜிநாட்டுக்கு (பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிரும் முறை) பின்னால் இருக்கிறீர்கள். பையில் என்ன மாற்றினாலும் ஐபிஐபி உள்ளே வராது. இணைப்பு நிறுவனத்திடம் ஸ்டேடிக் ஐபி (மாறாத பொது முகவரி) கேளுங்கள். கிடைக்காவிட்டால் வயர்கார்ட் என்ற மறைகுறியாக்க டனல். அது உங்கள் வீட்டிலிருந்து வெளியே கிளம்பும் யுடிபி என்பதால் சிஜிநாட் தடுக்காது. 44நெட்டை நிர்வகிக்கும் ஏஆர்டிசி அமைப்பே வயர்கார்ட் வழியாக இணைப்பு தருகிறது. வீட்டு இணைப்புக்கு இதையே முதலில் முயலச் சொல்வேன்.

பொது முகவரி இருந்தால், ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (எதையும் மாற்றாமல் கடத்த மட்டும்) போட்டு, பிபிபிஓஇ டயலிங்கை (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணைவது) பையிடமோ ஓபன்டபிள்யுஆர்டி ரவுட்டரிடமோ விடுங்கள். டிஎம்இசட் (வருவதையெல்லாம் ஒரே கணினிக்கு அனுப்பும் அமைப்பு) போட்டாலும் பல வீட்டு ரவுட்டர்கள் டிசிபி, யுடிபியை மட்டுமே உள்ளே அனுப்பும். பிறகு வேன் பக்கம், பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில் புரோட்டோகால் 4ஐ மட்டும் வடிகட்டிப் பாருங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்திலுள்ள மையக் கேட்வே சுமார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ரிப் அறிவிப்பு (ரூட் பட்டியல்) அனுப்பும். கால் மணி நேரம் பார்த்தும் எதுவும் வராவிட்டால் தடை உங்கள் பைக்கு வெளியே. பாக்கெட் வந்தும் ரூட் ஏறவில்லை என்றால் இரண்டே இடம்: ஃபயர்வாலில் புரோட்டோகால் 4க்கும் டனலுக்குள் யுடிபி 520க்கும் அனுமதி உண்டா, டனலில் ஆர்பி_ஃபில்டர் (வந்த வழி சரியா என்று பார்க்கும் லினக்ஸ் அமைப்பு) 1 என்று இருக்கிறதா. இருந்தால் 2 ஆக்குங்கள்.

பழைய வழிகாட்டிகள் 44.0.0.0/8 முழுவதையும் டனலுக்குள் தள்ளச் சொல்லும். அப்படிச் செய்யாதீர்கள். 44.192.0.0/10 பகுதி 2019இல் அமேசானுக்கு விற்கப்பட்டுவிட்டது. அதையும் தள்ளினால் பல சாதாரணத் தளங்கள் திறக்காது. 44.0.0.0/9, 44.128.0.0/10 இரண்டு மட்டும் போதும். உங்கள் 44 முகவரியிலிருந்து கிளம்பும் பாக்கெட்டுக்குத் தனி ரூட்டிங் டேபிள் வையுங்கள். அது டனல் வழியே போகாமல் நேரே வெளியேறினால் நிறுவனம் போலி முகவரி என்று தூக்கி எறிந்துவிடும்.

பிங் போகிறது, பெரிய பக்கம் மட்டும் தொங்குகிறதா? காரணம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு (பைட்டில்). ஐபிஐபிக்கு 1480, பிபிபிஓஇ இருந்தால் 1472. பொது இணையத்திலிருந்து உங்கள் 44 முகவரியை எட்ட முடியாவிட்டால், ஆம்பர்.ஆர்க் டிஎன்எஸ்ஸில் அதற்குப் பெயர் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். பதிவில்லாத முகவரிக்கு மையக் கேட்வே பொது இணையத்திலிருந்து எதையும் அனுப்பாது.

பென்னாகரத்து நண்பருக்கு விஎச்எஃப் பாக்கெட் ரேடியோவில் (ரேடியோ வழித் தரவு அனுப்புதல்) இதை நீட்டிக்கும்போது கவனம்: அமெச்சூர் அலைவரிசையில் மறைகுறியாக்கம் கூடாது. எச்டிடிபிஎஸ், எஸ்எஸ்எச், வயர்கார்ட் மூன்றையும் ரேடியோ பக்கம் ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள். மின்சாரம் அடிக்கடி போய் வந்தால் எஸ்டி கார்டு கெடும். பைக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு மினி யுபிஎஸ் வையுங்கள். சித்திரை, வைகாசி இடிமழைக்கு முன் ஆன்டெனா கேபிளுக்கு எர்த்திங் செய்துவிடுங்கள்.